கொப்பன்ஹேகனில் ஒரு யன்னலோர மேசை

இங்கே ஹரோவில் கோப்பிக் கடைக்குப் போனால் கால்களை ஒடுக்கிக்கொண்டுதான் இருக்க வேண்டும். யாராவது ஒரு தாய் தள்ளுவண்டியில் குழந்தையோடு வருவாள். கதிரைகள் நகரும், மேசைகள் ஆடும், ‘சொரி, சொரி’ என்று எல்லோரும் எழும்பி வழிவிடுவார்கள். இத்தனை வருடம் லண்டனில் இருந்தும் எனக்கு இது விசித்திரமாகத்தான் இருக்கிறது. வண்டியை வெளியில் விட்டுவிட்டு வந்தால் என்ன என்று வாய்வரை வரும். கேட்டால் என்னைப் பொலிசில் பிடித்துக் கொடுத்துவிடுவார்கள்.

ஊரில் இருந்து வாசிப்பவர்கள் நம்பமாட்டீர்கள். டென்மார்க்கில் குழந்தையை வண்டியோடு கடை வாசலில் உறங்கவிட்டு, தாய்தகப்பன் உள்ளே இருந்து சாப்பிடுவார்கள். குளிர்காற்று பிள்ளைக்கு நல்லதாம். நான் அகதியாகக் கொப்பன்ஹேகனுக்குப் போன முதல் மாரிக் குளிரில், துறைமுகத்துச் சூப் கடை வாசலில் அப்படியொரு வண்டியைக் கண்டேன். யாரோ பெற்ற பிள்ளையை எறிந்துவிட்டுப் போய்விட்டார்கள் என்று நெஞ்சு பதறி, பக்கத்திலேயே காவல் நின்றேன். கொஞ்ச நேரத்தில் தாய் வெளியே வந்தாள். நான் பிள்ளையைக் காட்டினேன். அவளோ நடுங்கிக்கொண்டிருந்த என் கையைப் பார்த்து, உள்ளே கூட்டிப்போய் ஒரு கிண்ணம் சூப் வாங்கித் தந்தாள். குளிருக்கு ஒதுங்க இடமில்லாமல் நிற்கிறேன் என்று நினைத்துவிட்டாள், பாவம். குடித்து முடிக்கும்வரை நான் யன்னலைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

பிறகு அங்கே மகள் மயூரி பிறந்தாள். மெல்ல மெல்ல நானும் அவளை வெளியில் விடப் பழகினேன். அவள் பள்ளிக்கூடம் போகும் வயதில் லண்டனுக்கு வந்தோம். அவள் கட்டியது இங்கே லண்டன் வெம்பிளியிலேயே பிறந்து வளர்ந்த சுதனை.

போன வாரம் இருவரும் கைக்குழந்தையோடு கொப்பன்ஹேகனுக்கு விடுமுறையில் போனார்கள். “பெரிய ரெஸ்ரோரண்ட் வேண்டாம் அம்மா, சும்மா போயிருந்து சாப்பிடுற இடங்களாச் சொல்லுங்கோ” என்று மயூரி கேட்டாள். அந்தச் சூப் கடை, கறுத்தப் பாணில் மீனும் முட்டையும் அடுக்கித் தரும் ஸ்மோர்ப்ரோட் கடை, நோர்புரோப் பகுதியில் துருக்கிக்காரரின் சவர்மா கடை என்று உற்சாகமாகச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் ‘யன்னலோரம் இரு’ என்றும் சேர்த்துச் சொல்லியிருக்கிறேன். ஏன் என்று அப்போது நான் யோசிக்கவேயில்லை.

சனிக்கிழமை மத்தியானம் நான் சமைத்துக்கொண்டிருக்க, போனில் ஒரு படம் வந்தது. சூப் கடை. இரண்டு கிண்ணம், இரண்டு சிரித்த முகம். பேத்தியைக் காணவில்லை. உடனே அவளுக்குப் போன் எடுத்தேன்.

“பிள்ளை எங்கையடி?”

“வெளியில நித்திரை கொள்ளுறாள். நீங்கள் என்னை விட்ட மாதிரித்தான்.”

“உள்ளுக்குக் கொண்டு வா. இப்பவே!”

“அம்மா, நீங்கள்தானே யன்னலோரம் இருக்கச் சொன்னனீங்கள்?”

இடையில் சுதனின் குரல் கேட்டது. “மாமி, நான் அப்பவே சொன்னனான், எனக்கு ஏலாதெண்டு. ஒரு வாய் இறங்குதில்லை.”

நான் எந்த முகத்தோடு மகளைத் தட்டிக்கேட்பது? அவளுக்கு அந்த ஊர்ப் பழக்கத்தை ஊட்டியவள் நான். ஆனால் லண்டன் எனக்கு ஊட்டிய பயம் அதற்குள் முந்திவிட்டது. வீதியில் போகிற ஒருவன், ஒரு நொடி, ஒரு கை போதும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போக. “பாத்துக்கொண்டுதான் இருக்கிறம் அம்மா” என்று சொல்லி மயூரி போனை வைத்துவிட்டாள். நான் அடுப்பை நிறுத்தினேன். கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தேன். திரும்ப எடுத்தேன், பதில் இல்லை.

பிறகு இரண்டாவது படம் வந்தது. மயூரி உள்ளேயிருந்து யன்னல் வழியாக எடுத்தது. வெளியே சுதன் ஒரு கையில் சூப் கிண்ணமும் மறுகையில் வண்டியின் பிடியுமாக நிற்கிறான். கடைக்காரப் பெண் அவன் தோளில் ஒரு கம்பளியைப் போர்த்திக்கொண்டிருக்கிறாள். குளிருகிறது என்று நினைத்திருப்பாள். யன்னல் கண்ணாடியில் மயூரியின் சிரிப்பு மங்கலாகத் தெரிகிறது. இருவருக்கும் நடுவில் பேத்தி, மூக்கு சிவந்து, அயர்ந்து தூங்குகிறாள்.

‘சுதனையும் உள்ளே வந்து சாப்பிடச் சொல்லு’ என்று எழுதினேன். அனுப்பாமல் அழித்தேன். ‘அவர் அங்கேயே நிற்கட்டும்’ என்று எழுதினேன். அதையும் அழித்தேன். அப்போதுதான் கவனித்தேன்: ஹரோவில், என் வீட்டு வாசலில், காவலுக்குப் புறப்பட்டவள் மாதிரி நான் கோட்டை மாட்டி, சப்பாத்தும் போட்டுக்கொண்டு நிற்கிறேன்.