மூன்று நிமிடம் தூங்கிய கருவி

தொண்ணூறுகளின் கடைசியில், தி.நகர் கம்பெனி ஒன்றில் லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும், நாடித்துடிப்பைக் காட்டும் கருவி செய்துகொண்டிருந்தோம். சுலபமாக இருக்கிறதென்று புரோகிராம்களைப் பெர்ல் என்ற கணினி மொழியில் எழுதியவள் நான்.

அடையாறு கிளினிக்கில் சோதித்தபோது கரண்ட் போய் வந்தது. பெர்ல் முழுவதையும் ஏற்றிக்கொண்டு கருவி எழுந்திருக்க மூன்று நிமிடம் ஆனது. அதுவரை நர்ஸ் நோயாளியின் மணிக்கட்டைப் பிடித்தபடி நின்றார்.

"இன்னாம்மா, மிஷினு தூங்கிக்கினு கீது? அதுக்குள்ள இவருக்கு எதுனா ஆச்சுன்னா?"

ஆபீஸுக்குத் திரும்பியதும் நடந்ததை மேனேஜரிடம் சொன்னேன்.

மேனேஜரோ, "வேலை செய்யுதுல்ல, விடும்மா" என்றார்.

"பெர்லை எடுக்காம இது வெளியே போகாது சார். வேணும்னா என்னை அனுப்பிடுங்க."

அவர் முறைக்க முறைக்க, எல்லாவற்றையும், எழுதக் கஷ்டமானாலும் வேகமாக ஓடும் சி மொழியில் திரும்ப எழுதினேன். கருவி எட்டே நொடியில் எழுந்தது.

என் சோம்பலுக்காக ஒரு நோயாளி காத்திருக்கக் கூடாது. பிடிவாதக்காரி என்று பெயர் வந்தது. வரட்டும்.