முள்ளைத் தொடாத கையும் ஐந்து நிமிஷக் குழந்தையும்

"இந்தக் கடிகாரத்தோட முள்ளைத் தொடுற கை இன்னும் பொறக்கல. சூரியன் லேட்டா வரலாம். நான் ஆறு மணிக்கு மேல ஒரு நிமிஷம் நூலகத்தைத் திறந்து வெச்சிருக்க மாட்டேன்."

பத்தொன்பது வருஷத்துக்கு முன், பொறுப்பேற்ற நாளில் நூலகர் செய்த முழக்கம் இது. கேட்டவர்கள் இரண்டு பேர்: பெருக்கும் அக்கா, தினமும் பேப்பர் படிக்க வரும் பெரியவர். பெரியவர் அப்போதே தூங்கிவிட்டார்.

நூலகர் சொன்னதைக் காப்பாற்றியும் வந்தார். மூன்று பத்துக்குக் கடிகாரம் நின்றால், புது பேட்டரியோடு ஸ்டூலில் ஏறி மறுநாள் மூன்று பத்துக்காகக் காத்திருப்பார். முள்ளை நகர்த்துவது மோசடி என்பது அவர் கொள்கை. எந்தப் புத்தகம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். ஒன்றையும் பிரித்துப் படித்ததில்லை. மருந்துக் கடைக்காரர் எல்லா மாத்திரையையும் விழுங்கிப் பார்க்கிறாரா என்று கேட்பார்.

அவருடைய ஜென்ம விரோதி, பெற்றோரின் 'அஞ்சு நிமிஷம்'. "அஞ்சே நிமிஷம் சார், இருக்கிற இடமே தெரியாது" என்று பிள்ளையை வாசலில் இறக்கிவிட்டுப் போகிறவர்கள், முடி வெட்டி, காய்கறி வாங்கி, ஒரு தூக்கமும் போட்டுவிட்டு வருவார்கள். ஆகவே அவரே ஒரு விதி எழுதி ஒட்டினார்: எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளையை ஆறு மணிக்குள் அழைத்துப் போக வேண்டும். மூன்று முறை தவறினால் அட்டை ரத்து, பிள்ளைக்கு அனுமதி இல்லை.

எக்ஸ்பிரஸ் என்ற சிறுமிக்கு இரண்டு முறை ஆகியிருந்தது. வயது ஏழு. அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை. அலமாரி இடுக்குகளில் 'கூ' என்று ஓடியதால் பெரியவர் வைத்த பெயர்தான் எக்ஸ்பிரஸ். அகராதிகளை அடுக்கிப் பிளாட்பாரம் கட்டினாள். புத்தகத் தள்ளுவண்டியில் ஏறி வந்து பெரியவரிடம் டிக்கெட் கேட்டாள்.

"பாப்பா, இது என்ன இடம்?" என்றார் நூலகர்.

"ஜங்ஷன்."

"நூலகம். இங்க யாரும் பேசக் கூடாது."

"அப்ப நீங்க மட்டும் ஏன் தாத்தா பேசுறீங்க?"

"தாத்தா இல்ல. சார்."

"சரி, சார் தாத்தா."

அவளை அடக்க, கைக்குக் கிடைத்த தடிப் புத்தகம் ஒன்றைக் கொடுத்தார். கிணற்றில் விழுந்த யானையின் கதை. அவளுக்கு வாய்விட்டுத்தான் படிக்க வரும், யானையின் பிளிறலோடு சேர்த்து. ஒரு நாளைக்கு ஒன்றரைப் பக்கம். இரண்டாவது வாரத்தில் பெரியவர் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். நூலகர் மை தொடாமலே முத்திரை குத்திக்கொண்டிருந்தார். புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. மறந்திருப்பார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை யானை பாதிக் கிணறு ஏறியிருந்தது; கயிறு இற்றுக்கொண்டிருந்தது. மணி ஐந்து ஐம்பத்தைந்து. அம்மா வரவில்லை. "மிச்சம் நாளைக்கு" என்று எக்ஸ்பிரஸ் புத்தகத்தை மூடினாள்.

பெருக்கும் அக்கா தாமத நோட்டை எடுத்தாள். "மூணாவது தடவ சார். எழுதிடவா?"

"ஆறு ஆகட்டும்."

"ஆயிடும் சார். உங்க கடிகாரமாச்சே."

"அப்ப யானை?" என்றார் பெரியவர்.

நூலகர் தொண்டையைச் செருமினார். "அக்கா, பின்பக்க ஜன்னல் சாத்தியிருக்கான்னு பாருங்க."

"சாத்திட்டேன் சார்."

"இன்னொரு தடவ பாருங்க. பெரியவரையும் கூட்டிட்டுப் போங்க. தாழ்ப்பாள் கனம்."

இருவரும் நிதானமாகப் போய், அதைவிட நிதானமாகத் திரும்பி வந்தார்கள். கடிகாரத்துக்குக் கீழே ஸ்டூல் இருந்தது. மணி ஐந்தரை. எக்ஸ்பிரஸ் வாயில் விரல் வைத்து உட்கார்ந்திருந்தாள். அந்த நூலகத்தில் அவள் கடைப்பிடித்த முதல் மௌனம். பெரியவர் தம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

தெருவிளக்குகள் எரிந்த பிறகு அம்மா மூச்சிரைக்க உள்ளே ஓடி வந்தார். "மன்னிச்சுக்குங்க சார், மெஷின் நின்னுபோச்சு..." என்றவர், சுவரைப் பார்த்து நிறுத்தினார். ஐந்து ஐம்பத்து நாலு.

"எதுக்கும்மா இந்த ஓட்டம்? நூலகத்துல ஓடக் கூடாதுன்னு போர்டு இருக்கில்ல," என்றார் நூலகர், விரலில் ஒட்டிய தூசியைக் கால்சட்டையில் துடைத்தபடி. "இன்னும் ஆறு நிமிஷம் இருக்கு."