ஒரு சாண் தள்ளி வைத்த கல்

ஒகேனக்கல்லில் கயாக் படகு ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவனுக்கு இரண்டு முதலாளி: ஆசையோடு வருகிற வாடிக்கையாளர் ஒருவர், கர்நாடகத்து அணையின் மதகு இன்னொருவர். இரண்டு பேருமே நம்மைக் கேட்டு எதையும் செய்வதில்லை. ஆற்றை நம்பிப் பிழைக்கிற சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததா!

கல்

அணையில் எவ்வளவு திறந்தார்கள் என்று போனுக்குத் தகவல் வந்துவிடும். அதை மட்டும் நம்பிப் படகை இறக்க மாட்டோம். நடுவில் காட்டில் கொட்டுகிற மழை எந்தத் தகவலிலும் வராது. அதனால் காலையில் தண்ணீர் விளிம்பில் தேங்காய் அளவில் ஒரு கல்லை வைப்போம். கல் முழுகினால் விசில். எல்லாரும் கரை ஏற வேண்டும், பேச்சே கிடையாது.

ஒரு முறை இதை மெனக்கெட்டு விளக்கினேன். பெங்களூரிலிருந்து வந்த தம்பி ஒருவன் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினான். "அண்ணா, இதுல எல்லாம் நார்மல்னு காட்டுது. உங்க கல்லுக்கு அப்டேட் எங்கருந்து வருது?"

ஒரே ஒரு ரவுண்டு

கல்லைப் பார்ப்பது என் வேலை. வாடிக்கையாளர் கூடவே தண்ணீரில் போவது மாது. பென்னாகரத்துக்காரன், என் கூட்டாளி. ஒரு நாள் சேலத்திலிருந்து ஒரு கணவன் மனைவி வந்திருந்தார்கள். மதியம் கல் முழுகியது. மாதுவும் அந்தக் கணவரும் கரையோரம் ஆளுக்கொரு கயாக்கில் தயாராக உட்கார்ந்திருந்தார்கள்.

நான் விசிலை வாயில் வைத்தேன். வைத்தவன் ஊதவில்லை. குனிந்து கல்லை எடுத்து ஒரு சாண் மேலே வைத்தேன். ஏன் வைத்தேன்? பக்கத்தில் நின்ற அந்த அம்மா கெஞ்சியது இவ்வளவுதான்: "அண்ணா, இன்னிக்கு அவருக்குப் பொறந்தநாளுங்க. ஒரே ஒரு ரவுண்டுங்க!"

செந்தண்ணீர்

அவர்கள் பாதி தூரம் போவதற்குள் ஆறு சிவந்துவிட்டது. சருகும் நுரையுமாக அடித்துக்கொண்டு வந்தது. ஊதினேன், ஊதினேன், அந்த இரைச்சலில் யாருக்குக் கேட்கும்? மாது அந்த மனிதரைத் தள்ளிப் பாறைமேல் ஏற்றிவிட்டான். ஏற்றிய கையோடு அவன் கயாக் பாறை இடுக்கில் சிக்கி மடங்கியது, இடது கால் உள்ளேயே. பரிசல்காரர்கள் கயிறு போட்டு இழுத்தார்கள்.

உயிர் பிழைத்தான். காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரி வராண்டாவில் அவன் மனைவி என்னிடம் வந்தாள். "கல்லு முழுகுனா நீங்க ஊதிடுவீங்கன்னு சொல்லுவாருங்களேண்ணா. அன்னிக்கு முழுகலீங்களா?"

முழுகலைம்மா

"முழுகலைம்மா" என்று சொல்லிவிட்டேன். அட, இப்படியும் ஒருத்தன் இருப்பானா! மாதக்கணக்கில் சோறு இறங்கவில்லை. கடைசியில் ஒரு நாள் அவர்கள் வீட்டுக்குப் போய், இருவரையும் வைத்துக்கொண்டு உள்ளதைச் சொன்னேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. நானாக இருந்தாலும் பேசியிருக்க மாட்டேன்.

மாது செயற்கைக் காலின் வாரை இறுக்கிக்கொண்டிருந்தான். தலையைத் தூக்கவே இல்லை. "தெரியும்டா. நீ குனிஞ்சு கல்ல நகத்துனத பாத்துட்டுதான் நானும் கயாக்கத் தண்ணிக்குள்ள தள்ளுனேன்."

இப்போது கல் லேசாக நனைந்தாலே ஊதிவிடுகிறேன், வருகிறவர்களில் பாதிப் பேர் என்னைத் திட்டிக்கொண்டே போகிறார்கள்; அந்தத் திட்டுதான் இந்தத் தொழிலில் கிடைக்கிற நற்சான்றிதழ் என்று எனக்குப் புரிய மாதுவின் கால் போக வேண்டியிருந்தது.