நாலு நிமிடத் தோடி

அறிவுச்செல்வியின் அப்பா சின்னுசாமி நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தவர். மகளுக்கு முதல் வயலின் வாங்கி வந்த அன்று அவர் அதன் தந்திகளைத் தொடவே இல்லை. கவிழ்த்துப் பிடித்து, மரத்தோடு மரம் சேரும் இடங்களை விரலால் தடவிப் பார்த்து, ஒட்டு சுத்தமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார். தோட்டங்காடு உள்ள குடும்பத்துப் பெண்ணுக்கு இதெல்லாம் எதற்கு என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். அவர் மகளை இசைக் கல்லூரியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு வந்தார்.

அறிவுச்செல்விக்கு இப்போது ஐம்பத்து மூன்று வயது. பகலில் ஒரு பெரிய விடுதிப் பள்ளியில் பாட்டு டீச்சர். தை பிறந்துவிட்டால் அவருடைய பீரியடுகளைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்வார். மதிப்பெண்ணுக்கு முன்னால் சரிகமபதநி எம்மாத்திரம்? அறிவுச்செல்வியும் சண்டை போட்டதில்லை. சாயங்காலங்களில் அவர் பக்கவாத்தியக்காரர். சேலத்திலிருந்து ஈரோடு வரை அவரைக் கூப்பிடாத பாடகர்கள் குறைவு.

கச்சேரியில் ஒரு வழக்கம் உண்டு. பாடகர் ஒரு ராகத்தை விரிவாகப் பாடி முடித்ததும், அதே ராகத்தை வயலின்காரர் தனியாக வாசிக்க வேண்டும். பாடகர் பத்து நிமிடம் பாடினால் இவர் ஐந்து நிமிடம் வாசிக்கலாம். அதற்கு மேல் போனால் மரியாதை இல்லை. இது எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்காது. ஆனாலும் மேடை ஏறுகிற எல்லோருக்கும் தெரியும்.

இருபத்தாறு வயதில் அறிவுச்செல்வி அதை ஒரு முறை மறந்தார். சேலத்தில் ஒரு பெரிய பாடகர் தோடி ராகத்தை எட்டு நிமிடம் பாடி நிறுத்தினார். இவர் பன்னிரண்டு நிமிடம் வாசித்தார். வேண்டுமென்று செய்யவில்லை, வந்துகொண்டே இருந்தது. கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பாடகர் சிரித்த முகத்தோடு தலையாட்டினார். இறங்கிய பிறகு, பக்கத்தில் வந்து, மெதுவாக, "கொஞ்சம் அடக்கி வாசிம்மா" என்றார். அவ்வளவுதான். அந்த வருடம் முழுக்க அறிவுச்செல்விக்கு ஒரு கச்சேரியும் வரவில்லை.

அடுத்த வருடம் கூப்பிட்டவர்களுக்கு அவர் நாலு நிமிடத்துக்கு மேல் எதையும் வாசிக்கவில்லை. மேடையில் கடிகாரம் கிடையாது, கைக்கே நேரம் தெரிந்துவிட்டது. அடக்கமான கை என்று பெயர் வந்தது. அந்தப் பெயரால் கச்சேரிகளும் வந்தன. அவருடைய வீட்டுக்காரர் மோகன்குமார் கோழிப்பண்ணைக்காரர், சங்கீதத்தில் பெரிய பிடிப்பு இல்லாதவர். மனைவியின் முறை வந்ததும் அரங்குக்குள் வந்து நிற்பார், முடிந்ததும் வெளியே போய்த் தீவனக்காரரோடு போனில் பேசுவார். அறிவுச்செல்விக்கு மட்டும் ஒரு பயம் உள்ளேயே கிடந்தது. நாலு நிமிடத்துக்கு மேல் தன்னிடம் இன்னும் ஏதாவது இருக்கிறதா, இல்லை, இருந்ததும் வற்றிப்போய்விட்டதா? அதைச் சோதித்துப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

போன மார்கழியில் சேலத்தில் ஒரு கச்சேரி. ஆறு மணிக்குத் தொடங்க வேண்டியது. நாலு மணிக்குப் பாடகருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. சபா செயலாளர் பதறிப்போய், நீங்களே தனியாக வாசித்துவிடுங்கள் என்று இவரிடம் கேட்டார். முடியாது என்று சொல்ல வாயெடுத்தவர், பாயையும் மைக்கையும் நடுவில் போட்டுவிட்டதைப் பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். முப்பது வருடமாகப் பாடகரின் முகத்தைப் பார்த்தே வாசித்தவருக்கு, எதிரே இருந்த இருநூறு முகங்களில் யாரைப் பார்ப்பதென்று தெரியவில்லை.

சின்னக் கீர்த்தனைகள் நன்றாகவே போயின. பிறகு தோடியை எடுத்தார். ராகம் நல்லபடி எழுந்து வந்தது. மேல் ஸ்தாயிக்கு ஏறும் வாசலில் நின்றபோது, கை தானாக இறங்கி முடித்துவிட்டது. நாலு நிமிடம். வில்லை மடியில் வைத்துவிட்டு வலப்பக்கம் திரும்பிப் பார்த்தார். பாடகர் உட்காரும் பக்கம் அது. அங்கே இன்று பாடகர் இல்லை. அரங்கம் காத்திருந்தது. வற்றித்தான் போய்விட்டது என்று நினைத்தார்.

பல வருடங்களாகக் கூட வாசிக்கிற மிருதங்கக்காரர் மாதேஸ்வரன் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு இவர் பக்கம் சாய்ந்தார்.

"அக்கா, பாடறவருக்கு மிச்சம் வெச்ச மாதிரி நிறுத்திப்புட்டீங்க. அவருதான் இன்னைக்கு வரலீங்களே."

முடித்த ராகத்தையே மறுபடி தொடங்குவது மேடை முறை இல்லை. அறிவுச்செல்வி வில்லை எடுத்து, நிறுத்திய இடத்திலிருந்து தொடங்கினார். முதல் சில பிடிகள் தடுமாறின. அப்புறம் தடுமாறவில்லை. எத்தனை நிமிடம் என்று அவருக்குத் தெரியாது. இருபத்திரண்டு என்று செயலாளர் பிறகு சொன்னார்.

திரும்பும் வழியில் காரில் அவர் அழுதார். எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்களே, எதற்கு அழுகிறாய் என்று மோகன்குமார் கேட்டார்.

"ஒருத்தருதானுங்க அடக்கி வாசின்னு சொன்னாரு. அதும் ஒருக்காத்தான். இருவத்தேழு வருசமா நிறுத்திக்கிட்டது நானுங்க."

ராசிபுரம் பிரிவில் தீவனக்காரரின் போன் வந்தது, மோகன்குமார் எடுக்காமல் ஓட்டினார்.

தொண்டை சரியானதும் அந்தப் பாடகர் ஈரோட்டுக் கச்சேரிக்குக் கூப்பிட்டார். நல்ல மனிதர், பெரிய கச்சேரியே பண்ணிவிட்டீர்களாமே என்று கேலியும் செய்தார்.

"வாரேனுங்க. ஆனா நீங்க தோடி எடுத்தீங்கன்னா, நாலு நிமிசத்துல நிறுத்த மாட்டேனுங்க. தோதுப்பட்டாச் சொல்லுங்க."

அவர் சிரித்தார், பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். ஈரோட்டில் வேறொருவர் வாசித்ததாகப் பிறகு தெரிந்தது. இரண்டு நாள் அறிவுச்செல்விக்குச் சோறு இறங்கவில்லை. வருத்தம் இல்லை என்று சொன்னால் அது பொய்.

மூன்றாம் நாள் விடிந்ததும் தோடியை எடுத்தார். ஏழரைக்குப் பள்ளி வண்டி வந்து வாசலில் நின்றது. டிரைவர் இரண்டு முறை ஹாரன் அடித்தார். ஹாரன் சத்தம் கேட்பதற்கு முன்பே கைப்பையோடு வாசலில் நிற்கிறவர் இந்த டீச்சர். உள்ளே ராகம் மேல் ஸ்தாயியில் இருந்தது. டிரைவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இன்ஜினை அணைத்தார்.