என்னிடம் மட்டும் இருந்த கிட்

மாற்றலாகிக் கடுகண்ணாவைக்கு வந்து ரயில் பாதையோரம் தனியாக அறை எடுத்திருக்கிறேன். யாழ்ப்பாணத்திலுள்ள அம்மாவுக்கு அனுப்பும் குரல்பதிவுகளில் ரயில் இரைச்சலை நீக்க ஒரு கருவி செய்ய நினைத்தேன். அதற்காக, ஒலியைத் திருத்தும் டிஎஸ்பி என்ற மின்னணுக் கிட்களில் வேகம் கூடியதையே வாங்கினேன்.

அது மைக்கின் ஒலியை எடுக்கவே இல்லை. இப்படிக் கருவி செய்பவர்களின் இணையக் குழுமத்தில் கேட்டேன். இரண்டு மாதமாக ஒருவரும் பதில் தரவில்லை. கடைசியில், விற்ற அக்குறணைக் கடைக்காரரை அழைத்தேன்.

“இத எடுத்த ஒரே ஆள் நீங்கதான், மிஸ்” என்றார்.

இப்போதெல்லாம் எந்தக் கிட்டைப் பார்த்தாலும் வேகத்தைக் கேட்பதில்லை. “இது வேற ஆரிட்ட இருக்கு?” என்றுதான் முதலில் கேட்கிறேன்.

போன வாரம் அந்தக் குழுமத்தில் யாரோ ஒருவர் என் கேள்வியையே கேட்டிருந்தார். விடை எனக்கும் தெரியாது. ஆனாலும் உடனே எழுதினேன்: “என்னிடமும் ஒன்று இருக்கிறது.”