சவேரியக்கா வாங்காத நற்கருணை

விடிந்தும் விடியாத நேரம். தேவிகுளத்துக்குப் போய் எங்கள் பங்குச் சாமியாரான அச்சனை அழைத்து வர ஜீப்பைக் கிளப்பிக்கொண்டிருந்தேன். சவேரியக்காவின் மகன் சேசுராஜ் போனில், "அண்ணே, ஜீப்ப எடுக்காதீங்க. அம்மா போயிருச்சு" என்றான். என் வாயில் முதலில் ஜெபம் வரவில்லை. "இன்னும் ரெண்டு மணி நேரம் பொறுக்கக் கூடாதாடா அதுக்கு?" என்று கத்தினேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. எஸ்டேட் கோயில் மக்களே, ஒன்பதாம் வகுப்பை இரண்டு முறை படித்த நான் பேனா பிடித்ததற்கு அதுதான் காரணம்.

அக்கா முப்பது வருடம் தேயிலைக் கொழுந்து கிள்ளியவர், ஞாயிறுதோறும் நம் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொன்னவர் என்பது உங்களுக்குத் தெரியும். பூசையில் நற்கருணை அப்பம் வாங்குவதற்கு முன் ஒரு மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால் போதும் என்கிறது திருச்சபை. அக்காவுக்கு அது போதாது. முந்தின இரவிலிருந்தே பட்டினி. மாதம் ஒரு முறை வரும் அச்சன், மழையில் மாட்டி மூன்று மணிக்கு வந்தாலும் சரி. கேட்டால், "பசிச்சவனுக்குத்தான்ல பந்தி. வயிறு நெறஞ்சவனுக்கு அது வேடிக்கை" என்பார்.

என் மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை அன்று பூசை தாமதமாகிறதே என்று கடைக்கு நழுவி, இரண்டு பரோட்டாவை உள்ளே தள்ளிவிட்டு வந்தேன். வாசலிலேயே அக்கா பிடித்துக்கொண்டார். "வாய் மணக்குதே அந்தோணி. எப்பத் தின்ன?"

"இப்பத்தான்க்கா."

"அப்ப அச்சன் பிரசங்கம் நீளணும்னு வேண்டிக்கோ."

எப்போதும் முக்கால் மணி நேரம் பேசுகிறவர் அன்று பார்த்து ஐந்தே நிமிடத்தில் முடித்தார். ஒரு மணி நேரம் ஆகாததால் நான் வாங்க முடியாமல், மகள் நன்மை வாங்கியதைக் கடைசி பெஞ்சிலிருந்து பார்த்தேன். ஒரு வாரம் அக்காவிடம் பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

போன மாதம் படுக்கையில் விழுந்தார். இறப்பதற்கு முந்தின நாள், மாலை நான்கு மணிக்கு நற்கருணையோடு வருவதாக அச்சன் சொல்லியிருந்தார். நண்பகலில் அக்காவின் லயத்து வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், வறண்ட உதட்டோடு கிடக்கிறார். இரவிலிருந்து பச்சைத் தண்ணீர்தான்.

"சீக்காளிக்கு ஏதுக்கா பட்டினி?"

"யாருல சீக்காளி?"

எனக்குப் பொறுக்கவில்லை. "ரோட்டுல மண்ணு சரிஞ்சு கெடக்கு. அச்சன் இன்னைக்கு வரமாட்டாரு" என்று பொய் சொன்னேன். கஞ்சி காய்ச்சி, நானே ஊட்டினேன். "உப்பு கூட" என்றார். ஆனாலும் கிண்ணத்தைக் காலி செய்தார். நாலு மணி வருவதற்குள் எப்படியாவது சமாளித்துவிடலாம் என்பது என் கணக்கு.

அச்சனைக் கூட்டிக்கொண்டு உள்ளே நுழைந்ததும் அக்கா அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "பொய் சொல்லியா ஊட்டுன?"

மலையாளம் கலந்த தமிழில் அச்சன் சமாதானம் சொன்னார். "சேச்சி, கஞ்சி குடிச்சு நாலு மணிக்கூர் நேரம் ஆயிடுச்சு. தாராளமா வாங்கலாம்."

"உங்க கணக்கு வேற சாமி. நாளைக்குக் காலையில கொண்டாங்க. வெறும் வயித்தோட இருக்கேன்."

எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. சாகக் கிடப்பவர்களுக்கு எண்ணெய் பூசும் அவஸ்தைப்பூசுதலுக்கு மட்டும் நெற்றியைக் காட்டினார்.

வந்த வழியே நற்கருணை என் ஜீப்பில் திரும்பியது. அச்சனின் சட்டைப்பையில் ஆண்டவர் இருக்கும்போது யாரும் பேசக் கூடாது. ஒவ்வொரு வளைவிலும் நான் ஆண்டவரை அக்காவின் வீட்டிலிருந்து தூரமாகக் கொண்டுபோனேன்.

மறுநாள் விடியும்போது அக்கா போய்விட்டார்; பொய் சொன்னதை அன்றே பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். "பசித்தவருக்குத்தானே கொடுத்தாய்" என்று சொல்லி, பரிகாரமாக மூன்று 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்லச் சொன்னார் அச்சன். மூன்றுதானா? அக்காவாக இருந்தால் முந்நூறுக்குக் குறைந்திருக்காது. எனக்கு ஆறுதல் வரவில்லை. அக்கா மேலும் கோபம், என் மேலும் கோபம்.

அடக்கப் பூசையில் வரிசையில் நின்றேன். இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. பக்தி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அப்பம் நாக்கில் பட்டதும் என் வயிறு போட்ட சத்தம் பாடகர் குழு வரை கேட்டிருக்கும். இத்தனை வயதில் முதன்முறையாகப் பசித்து வாங்கினேன். அக்கா தன் மன்னிப்பைத் தராமலேயே போய்விட்டார். அதற்குப் பதிலாக அந்தப் பசியைத்தான் நான் வைத்துக்கொள்கிறேன்.