மீனை அமுக்கிய மைக்செட்காரர்

நாமக்கல் பக்கம் ஒரு கோயில் நோம்பித் திருவிழாவில் ஒலிபெருக்கி கூவியபோதுதான் எனக்கு அது தோன்றியது: தொட்டியில் நான் வளர்க்கும் பிளாக் கோஸ்ட் மீன் ஓயாமல் மின்துடிப்பு விடுகிறதே, அதையும் இப்படிக் கேட்க வைத்தால் என்ன? உடனே மைக்செட்காரரிடம் ஓடினேன். ஒல்லியான மனிதர், தோளில் ஒயர்ச்சுருள். யாரிடம் பேசினாலும் ஒரு விரல் செட்டின் ஒலிக்குமிழ் மேலேயே இருக்கும். செட்டு லேசாக இரைந்தால் போதும், திருகிக் குறைத்துவிடுவார்.

சேலத்தில் எங்கள் கல்லூரிக் கண்காட்சிக்கு பேட்டரி ஆம்ப்ளிஃபயரோடு வந்தார். அதன் இரண்டு கம்பிகளை மீன்தொட்டித் தண்ணீருக்குள் விட்டேன். கறுப்பு மீனைப் பார்த்துவிட்டுச் சும்மா நகர்ந்துகொண்டிருந்த கூட்டம், ஸ்பீக்கரில் ரீங்காரம் எழுந்ததும் திரும்பியது. மறுநொடி சத்தம் நின்றுபோயிற்று.

"செட்டு கூவுச்சு சாமி, அமுக்கிட்டேன்."

"ஐயோ, அதுதாங்கண்ணா மீனு!"

தொட்டியை உற்றுப் பார்த்தார். பிறகு மண்டபமே அதிரச் சத்தத்தை ஏற்றிவைத்தார். "வாங்க, வாங்க! மீனு பேசறது நம்ம செட்டுலதானுங்க!"

எனக்கும் பெருமை தாங்கவில்லை. இனம் பெருக்கும் காலத்தில் ரத்தத்தில் ஹார்மோன் மாறும், அதோடு இந்தச் சுருதியும் மாறும் என்று விளக்கினேன்.

"அந்தக் காலம் எப்ப வருமுங்க?"

"அதோட ஊர்ல மழை பெய்யறப்போங்கண்ணா."

"மழைதான? பூவாளியில ஊத்துனாப் போச்சு."

கூட்டம் சிரித்தது. மழையை அவர் அவ்வளவு எளிதாக்கியது எனக்கு இன்னும் வியப்புதான். ஜோடிக்கு இன்னொரு மீனும் ஒரு பூவாளியும் வாங்கிவிட்டேன். இந்த வாரம் தொட்டியில் மழை. ரீங்காரத்தின் சுருதி ஏறுகிறதா, இறங்குகிறதா என்று கேட்கப் போகிறேன்.